மூன்று லட்சம் டெபாசிட், மூன்று மாதம், அம்மாவுக்குப் படுக்கைப் புண்

அப்பா அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்க்கலாமா, வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். என் அம்மா பட்ட பாட்டை வேறு யார் அம்மாவும் படக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 79 வயது. சர்க்கரை உண்டு. அப்பா போன பிறகு பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் வீட்டில் தனியாகத்தான் இருந்தார். போன வருடம் கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. தஞ்சாவூரில் ஆபரேஷன் நடந்தது. அதன் பிறகு யாராவது பிடிக்காமல் அவரால் எழுந்து நிற்க முடியவில்லை. நான் குரோம்பேட்டையில் லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடியில் இருந்தேன், வேலைக்கும் போகிறேன். தம்பி ஷார்ஜாவில். ஊரிலேயே ஆள் வைத்துப் பார்த்தோம், ஒரே மாதத்தில் மூன்று பேர் மாறினார்கள். கடைசியாக வந்தவர் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட, அன்று பகல் முழுக்க அம்மா தண்ணீர்கூட இல்லாமல் கட்டிலில் கிடந்திருக்கிறார். சாயங்காலம் பக்கத்து வீட்டு அத்தை போய்ப் பார்த்துதான் எனக்கு போன் செய்தார்கள். “அக்கா, இனிமே இது சரிப்படாது. நல்ல ஹோமாப் பார்த்துடுவோம்” என்றான் தம்பி. எனக்கும் வேறு வழி தெரியவில்லை.

கோவைப் பக்கம் இப்படிப்பட்ட இடங்கள் நிறைய இருப்பது பலருக்கும் தெரிந்திருக்கும். அதில் ஒன்றுக்கு ஒரு சனிக்கிழமை காலை 11 மணிக்குப் போனேன். மரங்கள், நடைபாதை, சின்னதாக ஒரு கோயில், சுத்தமான சாப்பாட்டுக் கூடம். வெள்ளைச் சீருடையில் நான்கைந்து பெண்கள் நடமாடிக்கொண்டிருந்தார்கள். “24 மணி நேரமும் நர்ஸ் இருப்பாங்க மேடம், கவலையே படாதீங்க” என்றார் மேனேஜர். டெபாசிட் 3 லட்சம், எப்போது கிளம்பினாலும் முழுதாகத் திரும்பக் கிடைக்கும் என்று கையில் கொடுத்த தாளிலேயே அச்சடித்திருந்தது. மாதம் 32,000 ரூபாய். ஒப்பந்தத்தைத் தம்பிக்கு மெயிலில் அனுப்பினார்கள், அவன் கையெழுத்துப் போட்டு ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டான். நாங்கள் இரண்டு பேருமே அதை முழுக்கப் படிக்கவில்லை.

அங்கே நான் கவனிக்காமல் விட்ட ஒன்று உண்டு. அன்று நான் பார்த்த பெரியவர்கள் எல்லோருமே நடமாடிக்கொண்டிருந்தவர்கள். பேப்பர் படித்தார்கள், செடிக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். அந்த இடம் அவர்களுக்காகக் கட்டப்பட்டது, அவர்களுக்கு அது நன்றாகவே இருக்கலாம். எழுந்து நடக்க முடியாத என் அம்மாவுக்கு அதே இடத்தை, மேலே கொஞ்சம் பணம் சேர்த்து ‘அசிஸ்டட் லிவிங்’ (ஆள் துணையோடு தங்கும் வசதி) என்று பெயர் வைத்து விற்றார்கள். பின்பக்கம் தனியாக ஒரு வரிசை அறைகள் இருந்தன. அந்தப் பக்கம் யாரும் என்னைக் கூட்டிப்போகவில்லை, நானும் கேட்கவில்லை.

முதல் மாதம் 32,000 கட்டினேன். மூன்றாவது மாத பில் 47,350. டயாப்பர் 180 என்று 8,100, பிசியோதெரபி 12 தடவை என்று 6,000, ‘கூடுதல் கண்காணிப்பு’ என்று 1,250. 180 டயாப்பர் என்றால் ஒரு நாளைக்கு ஆறு. சரி, அம்மா சுத்தமாக இருந்தால் போதும் என்று அதையும் கட்டிவிட்டேன்.

அந்த மாதக் கடைசியில் போனபோது அம்மாவின் குரலே மாறியிருந்தது. “பாப்பா, பின்னால எரியுது, யார்கிட்ட சொன்னாலும் வர்றேன்னு சொல்லிட்டுப் போயிடறாங்க” என்றார். அன்று மாலை 6 மணிக்கு நானே டயாப்பர் மாற்றினேன். அப்போதுதான் வால் எலும்புக்கு மேல் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் போய் உள்சதை தெரிவதைப் பார்த்தேன். கை நடுங்கியது. நர்ஸைக் கூப்பிட்டேன், வந்த பெண் பவுடர் போட்டுவிட்டுப் போனார். எனக்கு ஏதோ தோன்றியது. புதிதாகப் போட்ட டயாப்பரின் ஓரத்தில் பேனாவால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டேன். இரவில் தங்க விடமாட்டோம் என்றார்கள், லாட்ஜுக்குப் போய்விட்டேன். காலை 8 மணிக்கு வந்து பார்த்தால் அதே குறி, அதே டயாப்பர், முழுக்க நனைந்து கனத்துப் போய் இருந்தது. சுவரில் மாட்டியிருந்த அட்டையில் இரவு 10, 12, 2, 4, 6 என்று ஒவ்வொரு கட்டத்திலும் ‘திருப்பிப் படுக்க வைக்கப்பட்டது’ என்று டிக் இருந்தது. ஐந்து டிக்கும் ஒரே பேனா, ஒரே சாய்வு. நான் போட்ட குறியையும் அந்த அட்டையையும் அங்கேயே செல்போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

அங்கே வேலை செய்யும் பெண் ஒருவரிடம் தனியாகக் கேட்டேன். இரவில் பதினான்கு பேருக்கு அவர் ஒருவர்தான். நர்சிங் படித்தவர் இல்லை. வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறதாம். அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை, அவரும் அழுதுவிட்டார். பதினான்கு பேரை ஒரு ஆள் எப்படி இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க முடியும்?

அன்றே ஆம்புலன்ஸ் வைத்து அம்மாவைச் சென்னைக்குக் கொண்டுவந்துவிட்டேன். படுத்தே இருப்பவர்களுக்கு ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்தால் அங்கே ரத்த ஓட்டம் நின்று சதை செத்துப்போகும், ஈரமும் சர்க்கரையும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம் வரும் என்று டாக்டர் விளக்கினார். புண் ஆற மூன்று மாதம் பிடித்தது.

டெபாசிட்டைக் கேட்டபோதுதான் ஒப்பந்தத்தின் 11-ஆம் பக்கத்தைக் காட்டினார்கள். ஒரு வருடத்துக்குள் கிளம்பினால் பாதிப் பணம் பிடித்தம். முன்கூட்டிச் சொல்லாததற்கு ஒரு மாதக் கட்டணம் 32,000. அறைக்குப் பெயின்ட் அடிக்கவும் மெத்தை மாற்றவும் 36,000. போக மீதி 82,000 தருகிறோம், இனி எந்தப் புகாரும் இல்லை என்று எழுதிக் கொடுங்கள் என்றார்கள். நான் எழுதிக் கொடுக்கவில்லை. வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டு, அம்மா பெயரில் நுகர்வோர் ஆணையத்தில் புகார் போட்டிருக்கிறோம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, புகார் செய்பவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கோவைக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் இருந்தால் ஆணையத்துக்குக் கட்டணமும் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். நுகர்வோர் உதவி எண் 1915. முதியோருக்கென்றே தனியாக 14567 இருக்கிறது, அதில் பேசியவர்கள் பொறுமையாகக் கேட்டு வழி சொன்னார்கள்.

இல்லங்களே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. பார்த்துக்கொள்ள ஆளே இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? ஆனால் போகிறவர்கள் காலையில் போகாதீர்கள். இரவு 9 மணிக்கு மேல் சொல்லாமல் போய் நில்லுங்கள். உள்ளே விடவில்லை என்றால் அந்த இடம் வேண்டாம். படுக்கையில் இருப்பவர்களின் அறைகளைத்தான் பார்க்க வேண்டும், மூக்கே பாதி சொல்லிவிடும். இரவில் எத்தனை பேருக்கு எத்தனை ஆள் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். நர்ஸ் என்று சொன்னால் தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள், சீருடை போட்டவர் எல்லாம் நர்ஸ் இல்லை. இல்லத்தின் பதிவு பற்றி மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரியுங்கள். அப்புறம், டெபாசிட் எப்போது, எவ்வளவு திரும்பி வரும் என்ற பத்தியை வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஏற்கெனவே சேர்த்துவிட்டீர்கள் என்றால், அடுத்த தடவை போகும்போது போர்வையை விலக்கி முதுகையும் குதிகாலையும் கண்ணால் பாருங்கள்.

இப்போது தரைத்தளத்தில் வீடு மாறிவிட்டோம். பகலில் பார்த்துக்கொள்ள வரும் அக்காவுக்கு 18,000 ரூபாய், காற்று மெத்தை ஒன்று 4,500-க்கு வாங்கினோம். சர்க்கரை மாத்திரை மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வருகிறது. சுலபமாக இருக்கிறது என்று பொய் சொல்ல மாட்டேன். என் தூக்கம் போய்விட்டது, லீவெல்லாம் தீர்ந்துவிட்டது, இதற்காக என் கணவரோடு இரண்டு மூன்று தடவை சண்டைகூட வந்தது. இரவு 12, 2, 4 என்று அலாரம் வைத்து எழுந்து அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்கிறேன். நேற்று இரண்டு மணிக்கு அம்மா கண் விழித்து, “நீ தூங்கவே மாட்டியா பாப்பா?” என்று கேட்டுவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டே மறுபடி தூங்கிப்போனார்.