கிளிப்ஷ்ஹார்னா, குவாட் ஈ.எஸ்.எல்.லா?

அமெரிக்காவின் ஆர்கன்சாவில் 1946 முதல் தயாராகும் கிளிப்ஷ்ஹார்ன் ஸ்பீக்கருக்கு அறையின் மூலைதான் உயிர். அங்கே சேரும் இரு சுவர்களும் அதன் கொம்புக் குழலின் நீட்சியாகித் தாழ்ந்த சுரங்களைப் பெருக்குகின்றன. சில வாட் ஆம்ப்ளிஃபயரே வீட்டை அதிரவைக்கும்.

இங்கிலாந்தின் பீட்டர் வாக்கர் 1957-இல் கொண்டுவந்த குவாட் ஈ.எஸ்.எல். என்ற நிலைமின் (எலெக்ட்ரோஸ்டாட்டிக்) ஸ்பீக்கரில் பெட்டியும் இல்லை, வழக்கமாக அதிர்ந்து ஒலியெழுப்பும் கூம்பும் இல்லை. உயர் மின்னழுத்தம் ஏற்றிய மெல்லிய படலம் துளையிட்ட தகடுகளுக்கிடையே அதிர்கிறது. படலத்துக்கு எடையே இல்லை எனலாம். பாடுபவரின் மூச்சும் வயலின் வில்லின் உரசலும் அப்படியே வந்துசேரும். ஆழ்ந்த தாழ்சுரத்தையும் பேரொலியையும் மட்டும் இதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. மிஞ்சி முடுக்கினால் தீப்பொறி பாய்ந்து படலம் பழுதாகும்.

இரு தரப்பு ரசிகர்களும் மற்றதைப் பொறுமையாகக் கேட்காமலே பழிப்பது எனக்கு வருத்தம். குரலிசைக்கு நான் குவாடையே எடுப்பேன். இரு மூலைகளும் காலியாக இருந்து, ஜாஸ் டிரம்ஸின் வீரியமும் வேண்டுமென்றால் கிளிப்ஷ்ஹார்ன்.