7,400 ரூபா போச்சு, ட்ரோனுக்கு லாங் ரேஞ்ச் ரேடியோ மாட்யூல் வாங்கறவங்க தயவுசெஞ்சு படிங்க

கோத்தகிரில இருந்து எழுதறேன். நேத்து சாயங்காலம் எனக்கு அந்த மாட்யூல வித்த ஆளு என் நம்பர பிளாக் பண்ணிட்டான், இன்னும் ஆத்திரம் அடங்கல. 7,400 ரூபா. டீ ஃபேக்டரில எலக்ட்ரீஷியனா இருக்கறவனுக்கு அது சின்னக் காசு இல்லைங்க.

நானும் எட்டாவது படிக்கற என் பையனும் சேந்து சின்னதா ஒரு ட்ரோன் அசெம்பிள் பண்ணிருக்கோம். கீழ மேட்டுப்பாளையம் பக்கம் மைதானத்துல ஓட்டறவங்களுக்கு ரேஞ்ச் கஷ்டம் தெரியாது, இங்க தேயிலைத் தோட்டத்துல நாலு சில்வர் ஓக் குறுக்க நின்னாலே 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் திணறும், மழை பேஞ்சு இலையெல்லாம் ஈரமா இருந்தா இன்னும் மோசம். அதான் 866 மெகாஹெர்ட்ஸ் லோரா செட் தேடுனேன், லோரான்னா கம்மி பவர்ல ரொம்ப தூரம் போற ரேடியோ. 865ல இருந்து 867 வரைக்கும் லைசென்ஸ் தேவையில்லன்னு 2005லயே சொல்லிட்டாங்க, மரத்தையும் அது கொஞ்சம் நல்லாவே தாண்டும்.

சோஷியல் மீடியால பேஜ் வெச்சு பார்ட்ஸ் விக்கறவன்தான். அவனே ஃபோன் பண்ணான். எந்த ஊரு, எவ்ளோ சரிவு, மரம் எவ்ளோ உயரம்னு டாக்டர் மாதிரி கேட்டான். நான் விலை கம்மியா இருந்த 2.4 செட்டக் கேட்டதுக்கு, "அண்ணா, மலைக்கு அது வேணாங்ணா, காசு வேஸ்ட்டு, 866 எடுங்க, 2 கிலோமீட்டர் நானே ஓட்டிப் பாத்தது"ன்னான். பையன்கிட்டயும் பத்து நிமிஷம் பேசுனான். அங்கதான் நான் விழுந்தேன். பொறுமையா இவ்ளோ விஷயம் சொல்றவன் ஏமாத்துவான்னு யாருக்குத் தோணும்? அப்பவே 7,400 அனுப்பிட்டேன்.

முதல் நாளே 150 மீட்டர் தாண்டல, லிங்க் போச்சு, ட்ரோன் தேயிலைச் செடிக்குள்ள விழுந்து ஒரு ஆர்ம் ஒடஞ்சிருச்சு. பையன் ஒரு வார்த்த பேசல, பொறுக்கி எடுத்துட்டு வந்து மேசை மேல வெச்சுட்டுப் படுத்துட்டான்.

ஃபோன் பண்ணா "ஆன்டெனாவ டைட் பண்ணுங்ணா"ன்னான். பண்ணேன். அடுத்து "உங்க ஊர் மிஸ்ட்டு சிக்னலக் குடிச்சிரும்"னான். பொய்யிங்க. இந்த அலைவரிசைக்கு மூடுபனி ஒரு தடையே இல்ல, தடுக்கறது மேடும் மரமும்தான். குன்னூர்ல ஒரு நண்பர்கிட்ட எஸ்டிஆர் டாங்கிள் இருந்துச்சு, எந்த அலைவரிசைல சிக்னல் வருதுன்னு கம்ப்யூட்டர்ல பாக்கறது, 866ல வெச்சுப் பாத்தா ஒண்ணுமே வரல. அப்புறம்தான் மாட்யூலோட தகர மூடியப் பிரிச்சேன். உள்ள சிப்புக்குத் துடிப்பு குடுக்கற கிறிஸ்டல் மேல 16ன்னு இருக்கு, லோரா சிப்புக்கு 32 மெகாஹெர்ட்ஸ் கிறிஸ்டல் வரணும். ஆன்டெனா உறையக் கழட்டுனா 3 சென்டிமீட்டர் நேர் கம்பி, 866க்கு எட்டரை சென்டிமீட்டருக்கு மேல வேணும். எத வாங்காதீங்கன்னு சொன்னானோ அதே 2.4 தான், சில நூறு ரூபாய்க்குக் கெடைக்கற என்ஆர்எஃப்24 வகை, லேபிள் மட்டும் மாத்தி ஒட்டி 7,400க்கு வித்துருக்கான்.

ஃபோட்டோ அனுப்பினேன். அண்ணாவா இருந்தவன் சார் ஆயிட்டேன். "சார், மூடி பிரிச்சா ரிட்டர்ன் கெடையாது." பிரிக்காம உள்ள என்ன இருக்குன்னு எப்படிடா தெரியும்? நாலு நாள் ப்ளூ டிக் மட்டும். நேத்து பிளாக்.

எப்படி செக் பண்றதுன்னு விளக்கமா எழுதலாம்னுதான் உக்காந்தேன், இப்ப முடியல. இத மட்டும் பாருங்க: மூடி இல்லாம சிப் நம்பரும் கிறிஸ்டலும் தெரியற மாதிரி ஃபோட்டோ கேளுங்க, தரலன்னா விட்ருங்க. ஆன்டெனா நீளத்த அளங்க. ப்ரொப்பெல்லர் மாட்டாம, ஒருத்தர் ரிசீவரோட நடந்து போயி ரேஞ்ச் பாத்துட்டு, சிக்னல் போனா ட்ரோன் என்ன பண்ணணும்ங்கற ஃபெயில்சேஃப் வெச்சப்புறம் மேல ஏத்துங்க. முன்பணமா முழுசும் அனுப்பாதீங்க.

நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்குக் கூப்ட்டு இன்னிக்குக் காலைல புகார் பதிஞ்சிட்டேன். பார்சல் பிரிச்ச வீடியோ எடுக்காம விட்டுட்டேன், நீங்க எடுத்து வெச்சுக்கங்க.