எபாக்சியில் பதித்த மவுசர் ரைஃபிள்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

ஒன்டாரியோவில் மான் வேட்டைக்கும் சுடுதளப் பயிற்சிக்கும் நான் பயன்படுத்திவருவது, மவுசர் 98 ஆக்‌ஷனில் (தோட்டாவை ஏற்றிச் சுடும் எஃகு இயங்குபகுதி) .30-06 தோட்டாவுக்கான குழல் பொருத்தி, வால்நட் மரத்தாலான பிடிக்கட்டையில் அமைத்த ரைஃபிள். அதன் ஆக்‌ஷனைக் கட்டைக்குள் எபாக்சியில், அதாவது கெட்டியாக இறுகும் பிசினில், பதித்துச் சில ஆண்டுகள் ஆகின்றன. வேலை முடிந்த கையோடு எழுதியிருந்தால், குரூப், அதாவது ஒரே குறியில் சுட்ட குண்டுகள் சிதறும் அகலம், எவ்வளவு சுருங்கியது என்பதே பெரிய செய்தியாக இருந்திருக்கும். பல கோடைகளும் குளிர்காலங்களும் கடந்த நிலையில், ஜீரோ, அதாவது ஸ்கோப் காட்டும் புள்ளியிலேயே குண்டு படும் அமைப்பு, இடம் மாறாமல் நிற்பதையே நான் முதலில் சொல்வேன்.

இங்கே கோடையில் காற்று ஈரமாகவும், குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டுக்குள் மிகவும் வறண்டும் இருக்கும். மரம் தன் நாரின் குறுக்குவாட்டில் இதற்கேற்ப உப்பிச் சுருங்குவதால், ரைஃபிளைக் கட்டையோடு பிணைக்க வசந்தத்தில் சரியாக முடுக்கிய திருகு இலையுதிர்காலத்தில் அதே இறுக்கத்தில் இருப்பதில்லை. மரத்தின் மேடான சில புள்ளிகளில் மட்டுமே அமர்ந்திருக்கும் ஆக்‌ஷன், திருகு இறுகும்போது நூலிழை அளவுக்கு வளையவும் செய்கிறது. பதிப்பதற்கு முன்பு, ஒவ்வொரு வேட்டைப் பருவத் தொடக்கத்திலும் ஸ்கோப்பின் குமிழைத் திருப்பாமல் இருந்ததில்லை. குரூப்பும் 100 கெஜத்தில் ஏறத்தாழ 2 அங்குலத்தில் நின்றது.

இந்த வளைவைக் கண்ணால் காண முடியாது. நுண்ணிய அசைவை முள்ளால் அளக்கும் டயல் கேஜ் காட்டிவிடும். தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, கேஜைக் குழலில் பொருத்தி, அதன் முனையை முன்கட்டையின் நுனியில் வைத்து, முன்திருகை மெல்லத் தளர்த்த வேண்டும். முள் 0.002 அங்குலத்துக்கு மேல் நகர்ந்தால் ஆக்‌ஷன் அழுத்தத்தில் இருக்கிறது என்று கொள்ளலாம். என்னுடையது அதைப் போலப் பல மடங்கு நகர்ந்தது. இப்போது அசைவதே அரிது.

வேலையில் அதிகக் கவனம் கோரியது ரீகாயில் லக் எனப்படும் எஃகுப் புடைப்பு. மவுசரில் இது ஆக்‌ஷனின் அடியிலேயே ஒரே துண்டாகச் சேர்ந்திருக்கும். முன்திருகும் அதற்குள்தான் இறங்குகிறது. சுடும்போது வரும் பின்னுதைப்பைக் கட்டைக்குக் கடத்துவது அதன் பின்முகம் என்பதால், அந்த ஒரு முகம் மட்டும் எபாக்சியோடு முழுமையாகப் படிய வேண்டும். முன்முகம், பக்கங்கள், அடிப்பகுதி ஆகியவற்றில் டேப் ஒட்டி இடைவெளி விட்டேன். அடிப்பகுதியும் முட்டினால் ஆக்‌ஷன் லக்கின் மீது ஏறி நின்று ஆடும். அதைக் கழற்றுவதும் பெரும்பாடாகிவிடும். குழிகளையும் துளைகளையும் களிமண்ணால் அடைத்து, திருகின் மரை உட்பட எபாக்சி தொடக்கூடிய எல்லா இடத்திலும் மெழுகு பூச வேண்டும். எபாக்சி ஒரு குழிக்குள் புகுந்து கெட்டியாகிவிட்டால் எந்த மெழுகும் காப்பாற்றாது. இறுகும் நேரத்தில் திருகுகளை முடுக்காமல் வழிகாட்டியாக மட்டும் விட்டுவைத்தேன். முடுக்கினால் பழைய வளைவு அப்படியே எபாக்சியில் பதிந்துவிடும். மறுநாள் ஆக்‌ஷன் ‘டக்’கென்ற ஒலியோடு விடுபட்டபோது, எஃகில் இருந்த கடைசல் கோடுகள்கூட எபாக்சியில் தெளிவாகத் தெரிந்தன.

முன்திருகைச் சுற்றி அலுமினியத் தூண் ஒன்றையும் வைத்தேன். பின்திருகுக்கு எஃகுக் குழாய் வைக்கும் ஏற்பாடு மவுசரின் மூல வடிவமைப்பிலேயே உண்டு. இராணுவ வடிவத்தைச் செய்தவர்கள் மரத்தை நம்பவில்லை என்பது இதிலிருந்தே தெரிகிறது. தூண்கள் இருப்பதால் திருகு மரத்தை நசுக்குவதில்லை. இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்சில் 45 அங்குல-பவுண்டு, அதாவது ஏறத்தாழ 5 நியூட்டன்-மீட்டர் வைக்கிறேன்; பருவம் மாறியும் அது தளர்வதில்லை. அதே தோட்டாக்களில் குரூப் இப்போது ஒன்றேகால் முதல் ஒன்றரை அங்குலம் வருகிறது. கழற்றித் துடைத்துத் திரும்பப் பூட்டினாலும் முதல் தோட்டா பழைய இடத்திலேயே விழுகிறது. செலவு செய்ததற்கு இதுவே போதும் என்பேன்.

எபாக்சியில் இதுவரை விரிசல் இல்லை. எண்ணெய்தான் உண்மையான எதிரி. ஆக்‌ஷனிலிருந்து வழியும் எண்ணெய், எபாக்சிக்குப் பின்னால் இருக்கும் மரத்தை ஊறவைத்து மென்மையாக்கிவிடும். ஆகவே எண்ணெயைக் குறைத்துத் தடவி, குழல்முனை கீழே இருக்குமாறு வைக்கிறேன்.

எல்லா ரைஃபிளுக்கும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அலுமினியப் பாளம் உள்ளே பொருத்திய செயற்கைக் கட்டைகளில் ஆதாயம் குறைவு. லீ-என்ஃபீல்ட் எண் 4 போன்றவற்றில் முன்கட்டை குழலை மேல்நோக்கி அழுத்துவது வடிவமைப்பின் பகுதியாதலால், குழலைச் சுற்றி மரத்தைச் சுரண்டி எடுப்பது கேட்டையே தரும். மாற்றமே செய்யாத பழைய இராணுவக் கட்டையில் உளி வைக்கவும் எனக்கு மனம் வராது.

முன்கட்டையின் நுனி நாள் முழுவதும் மழையில் நனைந்தால் இன்றும் சற்றே வளைகிறது. ஆக்‌ஷனுக்கு அடியில் இருக்கும் எபாக்சி அதைத் தடுக்காது. குழல் ஓடும் பள்ளத்தின் உட்புறத்துக்கும், பின்கட்டை ரப்பருக்கு அடியில் திறந்திருக்கும் மரத்துக்கும் வார்னிஷ் பூசிய பிறகு அது குறைந்தது. குழலுக்கும் கட்டைக்கும் இடையே ஒற்றைக் காகிதம் நுழைந்தால் போதும் என்று பலர் சொல்வார்கள். நான் தபால் அட்டை தாராளமாக நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருக்கிறேன்.