பிரியஸின் பின் பிரேக்: முற்றத்தில் மாற்றி மூன்றரை வருடம், 34,000 கிலோமீற்றர்

எங்களுடையது 2012ஆம் ஆண்டு ரொயோட்டா பிரியஸ், மூன்றாம் தலைமுறை. முந்தைய தலைமுறையில் பின்னால் டிரம் பிரேக் இருந்தது. இதில் நான்கு சில்லுக்கும் டிஸ்க், அதாவது சில்லோடு சுற்றும் இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் பேட் என்ற தகடு அமுக்கிப் பிடிக்கும் பிரேக். மனைவி யாழ்ப்பாணத்துக்கு அடுத்த வேலணைத் தீவில் படிப்பிக்கிறார், அதனால் கார் கிழமைக்கு ஐந்து நாள் பண்ணைப் பாலத்தால் போய் வரும். இரண்டு பக்கமும் கடல். சோழகம் பலமாக அடிக்கும் நாட்களில் கண்ணாடியில் உப்புப் படிவது கண்ணுக்கே தெரியும்.

2021 மார்கழி விடுமுறையில் கார் ஒரு கிழமை மழையில் நின்றது. திரும்ப எடுத்த அன்று பின்னால் ‘டொக்’ என்று ஒரு சத்தம், பிறகு உராய்கிற சத்தம். வேலணை போய் வந்ததும் சில்லுகளுக்குப் பக்கத்தில் கையை வைத்துப் பார்த்தேன். பின் இடது சில்லு மட்டும் கொதித்தது. பக்கத்து வளவு அண்ணை பஸ் டிப்போவில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். “தம்பி, சில்லைத் தூக்கிப்போட்டுக் கையால சுத்திப் பார். சுத்தாட்டிப் பேட் பிடிச்சு நிக்குது” என்றார். சுற்றவில்லை.

கழற்றிப் பார்த்தால் வெளிப்பக்கப் பேட்டில் 6 மில்லிமீற்றர் இருந்தது, உள்பக்கத்தில் 2 கூட இல்லை. பேட்டுகளைத் தாங்கி அமுக்கும் கலிப்பர் வழுக்கிப் போகவேண்டிய ஸ்லைட் பின் என்ற கம்பி துருவில் இறுகிப்போயிருந்தது. பெற்றோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்த இந்த ஹைபிரிட் காரில் மெதுவாகப் பிரேக் பிடிக்கும்போது பெரும்பாலான வேலையை மோட்டார்தான் செய்கிறது, அந்தச் சக்தி பற்றரிக்குத் திரும்பிப் போகிறது. பேட்டும் டிஸ்க்கும் அதிகம் உரசுவதில்லை. உரசாத டிஸ்க்கில் உப்புக் காற்று பட்டால் துரு பிடிக்காமல் என்ன செய்யும்? எங்கள் ஊரில் இந்தக் காரின் பின் பிரேக்கைத் தின்பது ஓட்டம் அல்ல, துருதான். மூன்றரை வருடமாகப் பார்த்து இதை உறுதியாகச் சொல்கிறேன்.

டிஸ்க் இரண்டும் பேட் செட் ஒன்றும் வாகன உதிரிப்பாகக் கடைகள் உள்ள கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து இரவு பஸ்ஸில் வந்தன. 2022 தை மாதம் ஒரு சனிக்கிழமை முற்றத்தில் வேலையைத் தொடங்கினேன்.

இந்தக் காரில் சாதாரணக் கார்களுக்கு இல்லாத ஒரு ஆபத்து இருக்கிறது. சாரதிப் பக்கக் கதவைத் திறந்தாலே பிரேக் பம்ப் தானாக ஓடி அமுக்கம் ஏற்றும். கலிப்பர் கழன்றிருக்கும்போது அப்படி நடந்தால் பேட்டை அமுக்கும் பிஸ்டன் வெளியே தள்ளிக்கொண்டு வரும், விரல் இடையில் இருந்தால் போச்சு. அதனால் திறப்பை வீட்டுக்குள் தூர வைத்தேன், பிள்ளைகளிடம் காரைத் தொடவேண்டாம் என்றேன், டிக்கியின் வலப்பக்க மூலையில் இருக்கும் 12 வோல்ற் பற்றரியின் நெகட்டிவ் வயரையும் கழற்றினேன். டிக்கிப் பூட்டு மின்சாரத்தில் வேலை செய்வது. வயர் கழன்றிருக்கும்போது டிக்கி மூடுபட்டுவிடாமல் ஒரு துணியைச் செருகிவிடுங்கள்.

கியர் பீ-யில் (பார்க்), காலால் மிதிக்கும் பார்க்கிங் பிரேக் விடுபட்ட நிலையில், முன் சில்லுகளுக்கு இரண்டு பக்கமும் பனங்கட்டை. ஜக்கை மட்டும் நம்பி அடியில் கை வைக்கக்கூடாது, காரைத் தாங்கி நிற்கும் ஸ்ராண்ட் கட்டாயம்.

பழைய டிஸ்க், சில்லு பூட்டப்படும் ஹப்போடு ஒட்டி நின்றது. சுத்தியலால் அடிக்கத் தேவையில்லை. டிஸ்க்கின் முகத்தில் மரை வெட்டிய இரண்டு சிறிய துளைகள் இருக்கின்றன. அவற்றுக்குள் 8 மில்லிமீற்றர் போல்ட் இரண்டைப் போட்டு, இதில் அரைச் சுற்று, அதில் அரைச் சுற்று என்று மாறி மாறி முடுக்கினேன். நாலாவது சுற்றில் துருத் தூள் சொரிய டிஸ்க் தானே கழன்று கையில் வந்தது. ஹப்பின் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் வெள்ளையாகும்வரை தேய்த்தேன். அங்கே துரு மிச்சம் இருந்தால் புது டிஸ்க் நேராக உட்காராது, பிரேக் பிடிக்கும்போது காலில் அதிரும்.

பிஸ்டன்தான் ஆளைச் சோதிக்கும் இடம். முன் பிரேக்கைப் போல நேரே அமுக்க முடியாது. பார்க்கிங் பிரேக்கும் இதே கலிப்பருக்குள் இருப்பதால், அமுக்கிக்கொண்டே வலஞ்சுழியாகத் திருகவேண்டும். அப்போது பிரேக் ஒயில் மேலே தாங்கிக்குத் திரும்பும், வழிந்தால் பெயின்ற்றைத் தின்றுவிடும், ஒரு கண் அங்கேயும் இருக்கட்டும். பிஸ்டன் முகத்தில் சிலுவை போல ஒரு வெட்டு இருக்கிறது. உள்பக்கப் பேட்டின் முதுகில் உள்ள சிறிய முனை அந்த வெட்டுக்குள் விழவேண்டும். விழாவிட்டால் பேட் சரிந்து நின்று ஒரு பக்கமாகத் தேயும். வலப்பக்கத்தில் எனக்கு முதல்தரம் விழவில்லை, கழற்றித் திரும்பப் பூட்டினேன். ஒயில் குழாயை மட்டும் கழற்றவே வேண்டாம். கழற்றினால் உள்ளே காற்றுப் போகும், இந்தக் காரில் அதை வெளியேற்றக் கணினிக் கருவி வேண்டும்.

சில்லு நட்டுக்கு இறுக்கம் 103 நியூட்டன் மீற்றர். இறுக்கத்தை அளந்து முடுக்கும் டோர்க் ஸ்பானர் ஒன்றை இதற்காகவே வாங்கினேன், இன்றுவரை வருத்தமில்லை. எல்லாம் பூட்டி, பற்றரி கொடுத்து, காரை நகர்த்த முதல் பிரேக்கைப் பலதரம் மெதுவாக மிதித்தேன். பிறகு பார்க்கிங் பிரேக்கையும் அப்படியே.

அந்த முறை நான் விட்ட பிழை கிறீஸில். ஸ்லைட் பின்னுக்கு வீட்டில் கிடந்த பெயாரிங் கிறீஸைப் பூசினேன். அந்த வருடம் பெற்றோல் தட்டுப்பாடு வந்தது. கியூஆர் பங்கீட்டு முறை வந்து ஒழுங்காகும்வரை கார் கிழமைக்கணக்காக முற்றத்தில் நின்றது. ஆவணியில் கழற்றிப் பார்த்தால் ரப்பர் புஷ் ஊறி வீங்கிப் பின்னைக் கவ்விப் பிடித்திருந்தது. சாதாரணக் கிறீஸில் உள்ள கனிய எண்ணெய்க்கு அந்த ரப்பர் தாங்காது. புது ரப்பர் போட்டு, சிலிக்கோன் கிறீஸ் பூசினேன். அதற்குப் பிறகு ஸ்லைட் பின் ஒருநாளும் இறுகவில்லை.

அப்போதிருந்து மூன்று வேலைகளை விடாமல் செய்கிறேன். ஐப்பசி மழைக்கு முதல் வருடத்துக்கு ஒருதரம் கழற்றிப் பின்னைத் துடைத்துப் பூசுவேன். சனிக்கிழமைகளில் சில்லின் உள்பக்கத்தை நல்ல தண்ணீர்க் கிணற்று நீரால் கழுவுவேன், உவர் நீர் ஆகாது. கழுவியதும் வெறும் றோட்டில் 40 கிலோமீற்றர் வேகத்தில் கியரை என்-னில் (நியூட்ரல்) போட்டுப் பிரேக் பிடிப்பேன். என்-னில் மோட்டார் உதவாது, பேட்டே முழு வேலையையும் செய்யும். இரண்டு மூன்று தரத்தில் டிஸ்க் பளிச்சென்று வந்துவிடும்.

2020 பங்குனியில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 மாசியில்தான் திரும்பத் திறந்தது. அத்தனை வருடமும் கையில் இருந்த காரைக் காப்பாற்றுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. இப்போது இறக்குமதி திறந்தும் புதுக் காரின் விலை எங்களுக்கு எட்டாது.

போன கிழமை அளந்தேன். நான்கு பேட்டும் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீற்றர்தான் தேய்ந்திருக்கின்றன. உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசம் அரை மில்லிமீற்றர்கூட இல்லை. டிஸ்க் விளிம்பில் மெல்லிய துரு வளையம், உரசும் முகம் சுத்தம். வலப்பக்கம் ஒரு ரப்பர் உறை வெடிக்கத் தொடங்கியிருக்கிறது. அதற்குப் பஞ்சிகாவத்தைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், மழைக்கு முதல் வந்துவிடும்.