மேகத்தை நோக்கிப் பறக்க: நான்கு சுழலி டிரோனா, நுரை விமானமா?

கேமரா பொருத்திய ஒரு கருவியைத் தரையில் நின்றபடியே இயக்கி, மேகங்கள் இருக்கும் திசைக்கு ஏற்றிப் பார்க்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றை வாங்குகிறார்கள்: நான்கு சுழலி கொண்ட டிரோன், அல்லது புரொப்பல்லரைப் பின்பக்கம் வைத்த நுரை விமானம். மலேசியாவின் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் இரண்டையும் பறக்கவிட்டுப் பார்த்த பிறகு நான் நுரை விமானத்தின் பக்கம் வந்துவிட்டேன்.

டிரோனின் வசதிகள் எல்லாரும் அறிந்தவை. நின்ற இடத்திலிருந்தே எழும்பும், அந்தரத்தில் அசையாமல் நிற்கும், படம் ஆடாது, தோள்பையில் அடங்கிவிடும். விமானத்தைக் கையால் எறிந்து ஏற்றப் பழக வேண்டும். அது சறுக்கி இறங்கத் திறந்த வெளியும் வேண்டும். தமிழ்ப்பள்ளித் திடலைவிட மறுநடவு செய்த செம்பனை நிலம் இதற்கு ஏற்றது. கன்றுகள் வளரும்வரை அங்கே வானம் நன்றாகத் திறந்திருக்கும். நிலத்துக்குள் இறங்குமுன் தோட்ட நிர்வாகத்திடம் சொல்லிவிடுவது முறை.

உயரத்தைப் பொறுத்தவரை இரண்டுக்கும் ஒரே சட்டம்தான். 2016ஆம் ஆண்டின் வான்போக்குவரத்து விதிமுறைகளின்படி, அனுமதி பெறாமல் தரையிலிருந்து 400 அடிக்கு மேல், அதாவது சுமார் 120 மீட்டருக்கு மேல், பறக்கவிடக் கூடாது. மேகமோ அதைவிட வெகு உயரத்தில் இருக்கிறது. தரையின் வெப்பநிலைக்கும், காற்றிலுள்ள ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலைக்கும் உள்ள வேறுபாட்டில் ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 125 மீட்டர் என்று கணக்கிட்டால் மேகத்தின் அடிப்பகுதி எங்கே தொடங்கும் என்று தெரியும். நம் ஊர் நண்பகலில் முன்னது 32 பாகை, பின்னது 24 பாகை என்றால் அது 1,000 மீட்டர். ஆகவே, அனுமதியின்றி நாம் பறப்பது மேகத்துக்கு வெகு கீழேதான். ஆனாலும் அந்த 120 மீட்டரில் கேமராவைக் கிழக்கே திருப்பினால், தித்திவங்சா மலைத்தொடரின்மேல் மேகம் திரள்வதை மரங்களின் மறைப்பில்லாமல் பார்க்கலாம். அதற்காகவே இத்தனை பாடும். காலை மூடுபனிக்குள் மட்டும் எதையும் அனுப்பக் கூடாது. உள்ளே போனதும் கருவி கண்ணுக்குத் தெரியாது, கேமராவும் ஈரத்தில் மங்கிவிடும்.

அந்த உயரத்தில் நிலைக்க டிரோன் ஒவ்வொரு நொடியும் மின்சாரத்தைச் செலவழிக்க வேண்டும். இறக்கை உள்ள விமானமோ மோட்டாரை நிறுத்தினாலும் மிதந்து வரும். வெயில் ஏறிய நிலத்திலிருந்து எழும் சூடான காற்றில் வட்டமிட்டால் மேலேயும் ஏறும். அதற்குக் குறைந்த மின்னோட்டமே போதும் என்பதால், எடைக்கு எடை அதிக ஆற்றல் தரும் லித்தியம் அயன் செல்களைக் கட்டி நெடுநேரம் பறக்கவிட முடிகிறது. எட்டு மீட்டர் முன்னே போனால் ஒரு மீட்டர் இறங்கும் விமானம், காற்று எதிர்த்து வீசாத நேரத்தில், 120 மீட்டரிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தூரம் மோட்டார் இல்லாமலே வந்து சேரும். நான்கு சுழலிகளில் ஒன்று நின்றுபோனால் சாதாரண டிரோன் நேராகக் கீழே விழும்.

ஆனால் என் தேர்வை முடிவுசெய்தது பறக்கும் நேரம் அன்று; விழுந்த பிறகு நடப்பவைதான். செம்பனைத் தோட்டத்தில் விழுவது திடலில் விழுவதைப் போன்றதன்று. மட்டையின் அடியில் இருபுறமும் முள் இருக்கும். உச்சியில் சிக்கியதைக் குலை வெட்டும் நீளக் கம்பால் தள்ளித்தான் இறக்க வேண்டும், அப்போது அது இன்னொரு முறை விழும். நுரை விமானம் இவ்வளவையும் தாங்கும் என்று சொல்லவில்லை. உடையும், ஆனால் வீட்டிலேயே ஒட்டிவிடலாம். நசுங்கிய மூக்கின்மேல் கொதிநீரை மெல்ல ஊற்றினால் இவ்விமானங்களைச் செய்யும் ஈபிஓ என்னும் வகை நுரை உப்பிப் பழைய வடிவத்துக்குப் பெருமளவு திரும்பிவிடுகிறது. இரண்டாகப் பிளந்த உடலை நுரைக்கான பசையால் ஒட்டி, உள்ளே ஒரு மூங்கில் குச்சியைப் பதித்தால் முன்பைவிட உறுதியாகிறது. இறக்கை, வால் மடிப்புகளை அசைக்கும் சர்வோ, மோட்டார், தரையிலிருந்து வரும் கட்டளையைப் பெறும் ரிசீவர் ஆகியவை தனித்தனிப் பொருள்கள். ஒரு நிறுவனத்தின் சர்வோ போனால் அதே அளவில் வேறு நிறுவனத்தினுடையதைப் பொருத்திக்கொள்ளலாம்.

மடக்கு டிரோனில் அந்த வசதி இல்லை. கேமராவைத் தாங்கும் கிம்பலுக்குள் காகிதம்போல மெல்லிய ஒரு பட்டைக் கம்பி ஓடுகிறது. அது கிழிந்தால் படம் நின்றுவிடும். மாற்றுவதற்குச் சிறு திருகுகளையும், பிறகு கணினியில் சரிபார்ப்பையும் கையாளத் தெரிந்தவர் வேண்டும். நம் ஊரில் அப்படி ஒருவரை நான் கண்டதில்லை. ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ அனுப்பிக் காத்திருக்க வேண்டும். பேட்டரியும் அந்த மாதிரிக்கென்றே வடித்தது. புது மாதிரி வந்து பழையதற்குப் பேட்டரி கிடைக்காமல் போனால், கீறல்கூட விழாத டிரோனையும் மறுவிற்பனையில் கேட்பார் இருக்கமாட்டார்கள். ஒட்டுப்போட்ட நுரை விமானத்துக்கும் விலை கிடைக்காதுதான், ஆனால் அதன் உள்ளுறுப்புகள் அனைத்தையும் அடுத்த விமானத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

வாலில்லாத பறக்கும் இறக்கை என்னும் மூன்றாவது வகையும் உண்டு. வேகமானது, எதிர்காற்றை நன்றாகக் கிழிக்கும். நண்பருடையதை வாங்கிப் பறக்கவிட்டதற்குமேல் எனக்கு அதில் பழக்கமில்லை. எறியும்போது கை நடுங்கினாலும் கவிழ்ந்துவிடும் என்பதால் புதியவர்களுக்கு அதைச் சொல்லத் தயங்குகிறேன்.

கோயில் கோபுரத்தையோ வீட்டுக் கூரையையோ அருகில் நின்று படமெடுப்பதே நோக்கம் என்றால் டிரோனை வாங்குங்கள். அந்த வேலைக்கு விமானம் உதவாது. மேகத்தைப் பார்க்கத்தான் என்றால் 1.4 மீட்டர் இறக்கையுள்ள நுரை விமானத்தை முதலில் கேமரா இல்லாமல் வாங்கி, கண்ணால் பார்த்தே ஏற்றி இறக்கப் பழகுங்கள். கை பழகியதும் கேமராவையும், தானே திரும்பிவரச் செய்யும் கட்டுப்பாட்டுப் பலகையையும் சேர்க்கலாம். திரும்பும் உயரத்தைச் செம்பனை உச்சிக்கு நன்றாக மேலே வைத்துவிட்டு, கேமராவின் காட்சியைக் கண்ணெதிரே காட்டும் கண்ணாடியை அணிந்து பறக்கவிடும்போதெல்லாம் விமானத்தை வெறுங்கண்ணால் பார்த்துக்கொண்டிருக்க ஒருவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.