பறக்கும் துடைப்பம் எப்படி அன்காமன் ஆகும்? டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு (2014), பல வருஷப் பயன்பாட்டுக்குப் பிறகு

ஏற்காட்டில் காப்பித் தோட்டம் பார்த்துக்கொள்ளும் நண்பர் போன வாரம் கேட்டார்: "2014 கைடு ஒண்ணு குறைஞ்ச விலைக்கு வருது. புதுப் பதிப்பு வந்த பிறகு பழசை வாங்கலாமா?" வாட்ஸப்பில் இரண்டு வரியில் முடிகிற பதில் இல்லை. சேலத்தில் எங்கள் டேபிள், அதாவது எங்கள் ஆட்டக்குழு, பல வருஷமாக ஆட்டத்தை நடத்துபவருக்கான இந்தப் புத்தகத்தை நம்பித்தான் ஓடுகிறது. பகடை உருட்டிக் கதைபோல ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு ஆடத் தெரிந்தவர்களுக்காக எழுதுகிறேன், அதனால் அடிப்படைக்குள் போகவில்லை. பேச வேண்டியது, ஒவ்வொரு மந்திரப் பொருளின் பெயருக்கும் கீழே சாய்வெழுத்தில் நிற்கும் அந்த அபூர்வத் தரத்தைப் பற்றி: சாதாரணத்தில் தொடங்கி மிக அரியது வரை காமன், அன்காமன், ரேர், வெரி ரேர், லெஜண்டரி.

பறக்கும் துடைப்பம் அன்காமன். அட்யூன்மென்ட் (பொருளைத் தன்னோடு பிணைத்துக்கொள்வது) வேண்டாம், நேர வரம்பு இல்லை, வேகம் 50 அடி, 400 பவுண்டு வரை தாங்கும். குடித்தால் ஒரு மணி நேரம் மட்டும் பறக்கவைத்துவிட்டுத் தீர்ந்துபோகும் பறக்கும் மருந்தோ வெரி ரேர். அதே புத்தகத்தின் விலைப் பட்டியலில் அன்காமன் 101 முதல் 500 தங்கக் காசு, வெரி ரேர் 5,001 முதல் 50,000. தீர்ந்துபோகும் பொருள் என்று பாதியாகக் குறைத்தாலும் மருந்து 2,500க்குக் கீழே இறங்காது. காலத்துக்கும் பறப்பது 500 காசு, ஒரு மணி நேரம் பறப்பது அதைவிட ஐந்து மடங்கா? 2003இல் வந்த 3.5 பதிப்பில் துடைப்பம் 17,000 காசு, மருந்து 750. அங்கே கணக்கு நேராக இருந்தது.

இது வெறும் அட்டவணைச் சண்டை இல்லை. ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளை மனதில் வைத்து ஒரு மலைக்கோட்டைச் சாகசம் எழுதியிருந்தேன். வளைவுக்கு ஒரு தடை: ஒன்றில் வழிப்பறிக் கூட்டம், ஒன்றில் இடிந்த பாலம், ஒன்றில் மிளகுக்கொடிக்குள் பதுங்கியிருக்கும் பூதம். அடிவாரத்தில் கிடைத்த புதையலுக்குப் புத்தகத்தின் அட்டவணையிலேயே பகடை உருட்டினோம். துடைப்பம் விழுந்தது. அன்காமன் என்றால் முதல் லெவலிலேயே கொடுக்கலாம் என்கிறது புத்தகம். அன்று மாலையே மந்திரவாதி ஒவ்வொருவராகத் துடைப்பத்தில் ஏற்றிக் கோட்டை வாசலில் இறக்கிவிட்டான். பிளேயர்கள் மேல் எனக்குத் துளியும் கோபமில்லை, அது அருமையான யோசனை. கோபம் அந்தத் தரத்தின் மேல்தான். "இதனால் ஆபத்தில்லை" என்று புதிய டிஎம்முக்கு (ஆட்டத்தை நடத்துபவருக்கு) உறுதி சொல்வதுபோல் அச்சாகியிருக்கிறது.

பாதுகாப்புப் போர்வையையும் பாதுகாப்பு மோதிரத்தையும் பாருங்கள். இரண்டும் தருவது ஒன்றே: அடி படாமல் காக்கும் கவச எண்ணில் ஒன்று, ஆபத்திலிருந்து தப்ப உருட்டும் சேவிங் த்ரோவில் ஒன்று. போர்வை அன்காமன், மோதிரம் ரேர். அதற்காகப் பட்டியல் முழுவதுமே கோணல் என்று சொல்லமாட்டேன். வாளுக்கு +1 அன்காமன், உடற்கவசத்துக்கு +1 ரேர் என்று வைத்தது சரி. இந்தப் பதிப்பில் கவச எண் மெல்லத்தான் ஏறும், அங்கே ஒரு புள்ளிக்கு மதிப்பு அதிகம். யோசித்து வைத்த இடங்கள் நிறைய உண்டு. அதனால்தான் யோசிக்காத இடங்கள் கூடுதலாக உறுத்துகின்றன.

எங்கள் டேபிளில் ஒருவர் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். துடைப்ப விவகாரத்தின்போது அவர் கேட்டது: "கொலுசுக்கு டச் (வெள்ளியின் தூய்மை) தனி, எடை தனி, கூலி தனி. மூணையும் ஒரே சீட்டுல எழுதினா எவன் நம்புவான்ணா?" கோளாறு அதேதான். எவ்வளவு சக்தி, எவ்வளவு விலை, எவ்வளவு அபூர்வம் என்ற மூன்றையும் ஒரே தரத்தின் தலையில் ஏற்றியிருக்கிறார்கள். அன்றிலிருந்து என் பிரதியில் முக்கியமான பொருள்களுக்குப் பக்கத்தில் மூன்றையும் பென்சிலால் தனித்தனியாக எழுதி வருகிறேன். துடைப்பத்துக்கு: சக்தி அதிகம், விற்பனைக்கு வராது, ஒரே ஒரு மலைக்குடியிடம் மட்டும் உண்டு.

கதைகளில் அபூர்வம் இப்படித்தான் பிறக்கிறது. மணிமேகலையில் அமுதசுரபி வேண்டுமென்றால் மணிபல்லவத்துக்குப் போக வேண்டும், கோமுகிப் பொய்கைக் கரையில் நிற்க வேண்டும், வைகாசி விசாக நாளாக இருக்க வேண்டும். இடமும் நாளும் சேர்ந்துதான் அதை அரிய பொருளாக்குகின்றன. தகடூர் அதியமானின் நெல்லிக்கனி ஏறமுடியாத மலைப்பிளவில் இருந்து வந்தது. அதைத் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்தான் என்பதால்தான் இன்றும் பேசுகிறோம். லெஜண்டரி என்று மேலே எழுதிவைத்தால் எந்தப் பொருளுக்கும் இந்த வரலாறு வராது.

இதே புத்தகத்தில் நான் மனதார நேசிக்கும் விதி ஒன்று உண்டு: ஒருவர் ஒரே சமயத்தில் மூன்று பொருள்களோடு மட்டுமே அட்யூன் ஆகலாம். படித்தபோது சாதாரணக் கட்டுப்பாடாகத்தான் பட்டது. டேபிளில் அது செய்த வேலையை நான் எதிர்பார்க்கவில்லை. நான்காவது பொருள் கிடைத்ததும் எங்கள் போர்வீரன் தன் மோதிரத்தைக் கழற்றி அடிபட்டுக் கிடந்த பூசாரிக்குக் கொடுத்தான். அதற்குப் பிறகு எங்கள் ஆட்டத்தில் பொருள்கள் கைமாறாத நாளே இல்லை. யாருக்கு எது பொருந்தும் என்று பிளேயர்கள் தங்களுக்குள் பேசுகிறார்கள், விட்டுக்கொடுக்கிறார்கள், சில சமயம் முறைத்துக்கொள்கிறார்கள். ஐந்து தரங்களும் சேர்ந்து செய்யாததை இந்த ஒரு எண் செய்துவிட்டது. இந்த விதிக்காகவே இதை எழுதியவர்களுக்கு நன்றி சொல்லலாம்.

ஆனாலும் நண்பரே, வாங்க வேண்டாம். 2023 ஜனவரியில் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பான எஸ்ஆர்டி 5.1 கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாக வந்துவிட்டது. அட்யூன்மென்ட் விதி, துடைப்பம், மருந்து எல்லாம் அதில் இருக்கின்றன. புதிய 2024 கைடு விலை வரம்புகளை ஒற்றை விலையாக்கியிருக்கிறது: காமன் 100, அன்காமன் 400, ரேர் 4,000, வெரி ரேர் 40,000, லெஜண்டரி 200,000. கடை நடத்த வசதி, ஆனால் தரத்தை வைத்தே விலை சொல்லும் பழக்கம் போகவில்லை. உங்களுக்குத் தேவை பென்சில் குறிப்புகள் உள்ள பிரதிதான். அடுத்த முறை சேலத்துக்கு இறங்கும்போது என்னுடையதை எடுத்துப்போங்கள். புதையல் உருட்டும் முன் குறிப்பைப் பாருங்கள், அட்டவணையை அப்புறம் பார்க்கலாம்.