பாத்ரூம் வேலையை மெட்டீரியலோடு மொத்தமாக கான்ட்ராக்ட் விடப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்

மதுரையில் எங்கள் வீட்டு மாடியில் இருக்கும் கெஸ்ட் பாத்ரூமை இடித்துப் புதுப்பித்ததில் ஒரு கான்ட்ராக்டர் எங்களை எப்படி ஏமாற்றினார் என்பதை எழுதுகிறேன். ஆள் பெயர் போடவில்லை, விஷயம் இப்போது வக்கீல் நோட்டீஸ் வரை போயிருக்கிறது. ஆனால் அவர் செய்த வேலையைப் பெரிதாக்காமல், குறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இதே முறையில் ஏமாந்த இரண்டு குடும்பங்களை அதற்கப்புறம் எங்கள் தெருவிலேயே பார்த்துவிட்டேன்.

வீடு 1996-இல் கட்டியது. மாடி பாத்ரூம் ஐந்துக்கு ஏழு அடி. இண்டியன் கிளாசெட், மொசைக் தரை, சுவருக்குள் ஜிஐ பைப். பைப் துருப்பிடித்து, காலையில் முதல் வாளித் தண்ணீர் பழுப்பாக வரும். என் மாமியாருக்கும் பெரியம்மாவுக்கும் முட்டி வலி, குத்துக்கால் போட்டு உட்கார முடியாது. பொங்கலுக்கு ஷார்ஜாவிலிருந்து நாத்தனார் குடும்பம் வேறு வருகிறது. அதனால் வெஸ்டர்ன் கிளாசெட், கீசர், வழுக்காத தரை, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, இவ்வளவுதான் கேட்டோம்.

கான்ட்ராக்டர் லெட்டர் பேடில் கொட்டேஷன் கொடுத்தார், மெட்டீரியலோடு 1,90,000 ரூபாய். அதில் வெந்நீர், பச்சைத் தண்ணீர் இரண்டு லைனுக்கும் சிபிவிசி பைப் (வெந்நீரைத் தாங்கும் பிளாஸ்டிக் பைப்), தரைக்கும் சுவருக்கும் இரண்டு கோட் வாட்டர் ப்ரூஃபிங், கீசருக்குத் தனி வயர் எர்த்தோடு என்று அவரே கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். "பில் இல்லாம போட்டுக்கலாம் மேடம், ஜிஎஸ்டி 18 சதவீதம் உங்களுக்கு மிச்சம்" என்றார். நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை, பணத்தையும் ஒவ்வொரு முறையும் யுபிஐ-யில்தான் போட்டோம். இன்றைக்கு எங்கள் கையில் இருக்கும் பலம் அந்தக் கொட்டேஷனும் அந்தப் பண விவரமும்தான்.

தீபாவளிக்கு முன்னால் வேலையை முடித்துச் சாவியைக் கொடுத்தார். பார்க்க நன்றாகவே இருந்தது, அதை மறுக்க மாட்டேன். இளம் சாம்பல் நிற டைல்ஸ், மூலைகள் நேராக, க்ரௌட் சுத்தமாக. வந்து பார்த்தவர்கள் எல்லாம் அவர் நம்பரைக் கேட்டார்கள்.

பொங்கலுக்கு ஆட்கள் வந்து தினமும் கீசர் ஓட ஆரம்பித்ததும் கீழே ஹால் சீலிங்கில் ஓதம் தெரிந்தது. முதலில் உள்ளங்கை அளவு. பத்து நாளில் ஃபேன் கொக்கி வரை போய்விட்டது, பட்டி உரிந்து சோபா மேல் கொட்டியது. மின்விசிறி வயர் போகும் இடத்தில் தண்ணீர் இறங்கினால் என்ன ஆகும் என்று நினைத்து அந்த ஹாலில் குழந்தைகளைப் படுக்கவே விடவில்லை.

கான்ட்ராக்டரைக் கூப்பிட்டோம். ஒரே ஒரு முறை வந்தார். நான் கேட்கக் கேட்க என் கணவரைப் பார்த்தே பதில் சொன்னார். "பழைய வீடு சார், ஸ்லாப்ல ஹேர்லைன் கிராக் இருக்கும். மொட்டை மாடித் தண்ணி இறங்குது. மாடிக்கு ஒரு கோட்டிங் போட்டா நின்னுடும்" என்று சொல்லி அதற்கு 35,000 ரூபாய் கேட்டார். தை மாதம். மழை நின்று வாரக்கணக்கில் ஆகிறது. மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் கெஸ்ட் ரூம் சீலிங் காய்ந்து கிடக்கிறது, அதற்கும் கீழே இருக்கும் ஹால் நனைகிறது. இதை நான் சொன்னதும் முகம் மாறியது. அப்புறம் போனை எடுக்கவில்லை. செய்தி அனுப்பினால் பார்த்ததற்கு அடையாளமாக நீல டிக் மட்டும் விழும்.

வேறொரு பிளம்பரை அழைத்து வந்தோம். அறுபது வயதுக்காரர், எதையும் உடைக்கவில்லை, முதலில் கீசருக்குத் தண்ணீர் போகும் ஆங்கிள் வால்வை மட்டும் அடைத்தார். "மூணு நாள் இப்படியே விடுங்கக்கா, பச்சைத் தண்ணியில குளிங்க" என்றார். ஓதம் பரவுவது குறைந்தது. அப்படியென்றால் ஒழுகுவது வெந்நீர் லைன். மேல் தொட்டியின் அழுத்தம் இருபத்து நான்கு மணி நேரமும் அந்தக் குழாயில் இருப்பதால் யாரும் குளிக்காத நேரத்திலும் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது.

ஷவருக்கு வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து விடும் டைவர்ட்டருக்குக் கீழே நான்கு டைல்ஸை எடுத்து, சுவரில் பைப் போகும் காடியைத் திறந்தோம். அங்கே பார்த்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். சுவருக்கு வெளியே கண்ணுக்குத் தெரியும் முனைகளில் மட்டும் க்ரீம் நிற சிபிவிசி, கீசருக்குப் போகும் இடத்தில் ஒரு அரை அடி, டைவர்ட்டர் பக்கம் ஒரு அரை அடி. நடுவே சுவருக்குள் போவது முழுக்க வெள்ளை யுபிவிசி. யுபிவிசி பச்சைத் தண்ணீருக்கு மட்டுமே உரியது. சூட்டில் இளகும். சிபிவிசி 93 டிகிரி வரை தாங்கும், பைப் மேலேயே ஐஎஸ் 15778 என்ற இந்தியத் தர எண்ணை அச்சடித்திருப்பார்கள். எங்கள் சுவருக்குள் இருந்த எல்போவின் (பைப் திரும்பும் இடத்தில் போடும் இணைப்பு) வாய் உப்பி, பசை விட்டு, ஓரத்தில் ஊசி முனை அளவுக்குத் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. தெரியாமல் நடந்த தவறாக இருந்தால் முனைகளில் மட்டும் சரியான பைப்பைப் போட்டிருக்க மாட்டார்கள். கண்ணுக்குத் தெரியும் இடத்தில் ஒன்று, மறையும் இடத்தில் ஒன்று என்று யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள். அதுதான் எனக்கு ஆறவே இல்லை. இந்த வித்தியாசத்தில் அவருக்கு மிஞ்சியது இரண்டாயிரம் ரூபாய்கூட இருக்காது.

சரி, பைப்பை மாற்றியதோடு விட்டதா என்றால் இல்லை. அந்தப் பிளம்பர் தரையையும் சோதித்துவிடலாம் என்றார். தரைத் தண்ணீர் வெளியேறும் நானி ட்ராப் வாயைத் துணி சுற்றி அடைத்து, வாசல் படியில் சிமெண்டால் சின்னக் கரை கட்டி, இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தி அதில் கொஞ்சம் கலர் பொடி கலந்தோம். நாற்பத்தெட்டு மணி நேரம் நிறுத்த வேண்டும் என்றார், அவ்வளவு நேரம் தேவைப்படவில்லை. மறுநாள் காலையில் ஹால் சீலிங்கில் இளஞ்சிவப்பாக ஒரு வளையம்.

தரையை உடைத்தோம். வாசலோரம் ஒரு அடி அகலத்துக்கு மட்டும் சாம்பல் பூச்சு. உள்ளே போகப் போக ஒன்றுமே இல்லை, செங்கல் ஜல்லி மேல் நேராகக் கலவை, அதன் மேல் டைல்ஸ். கிளாசெட் பைப் ஸ்லாப்பைத் துளைத்து இறங்கும் இடத்தைச் சுற்றிச் சிமெண்ட் சாக்குத் துண்டைத் திணித்து மேலே பூசியிருந்தார்கள். எனக்கு அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. வேலை நடந்த நாட்களில் ஒரு பெரிய கம்பெனியின் வாட்டர் ப்ரூஃபிங் கேன் பாத்ரூம் வாசலிலேயே உட்கார்ந்திருந்தது. நான் அதைப் போட்டோகூட எடுத்து வைத்திருக்கிறேன். அந்தப் பொருள் இரண்டு பாகமாக வருவது, ஒரு கேனில் திரவம், ஒரு பையில் பொடி, இரண்டையும் கலந்துதான் பூச முடியும். எங்கள் வீட்டுக்குப் பொடிப் பை வரவே இல்லை, கேன் மட்டும்தான் வந்தது. சீல் ஏற்கெனவே உடைந்த கேன். வேலை முடிந்ததும் அதை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், அடுத்த வீட்டு வாசலில் வைக்கத்தான் என்று இப்போது புரிகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. பைப் வேலைக்காகக் கீசரைக் கழற்றியபோது எலக்ட்ரீஷியன் பிளக் பாயிண்டைத் திறந்து பார்த்தார். மூன்று ஓட்டை சாக்கெட், பின்னால் இரண்டு வயர்தான். எர்த் வயர் பச்சை நிறத்தில் இரண்டு அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிட்டது. எங்கேயும் இணைக்கப்படாத வெறும் துண்டு. ஈரக் கையோடு என் பெரியம்மா ஷவரைத் திறந்த பாத்ரூம் அது. கீசருக்குள் எலிமெண்ட் பழுதாகித் தண்ணீரில் மின்சாரம் பாய்ந்தால் அதைத் தரைக்குக் கொண்டுபோக எர்த் வேண்டும், ஆளைக் கொல்லும் முன் சப்ளையைத் துண்டிக்க 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே விழும் ஆர்சிசிபி சுவிட்ச் வேண்டும். எங்கள் பழைய போர்டில் ஆர்சிசிபி கிடையாது என்று தெரிந்தேதான் அவர் இந்த வேலையைச் செய்திருக்கிறார். ஓதம், சீலிங், பணம் எல்லாவற்றையும் மன்னித்தாலும் இதை மன்னிக்க முடியாது. உங்கள் வீட்டுக் கீசர் பாயிண்டை ஒரு நல்ல எலக்ட்ரீஷியனை விட்டுத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள், புதுசோ பழசோ. ஆர்சிசிபி இருந்தால் அதில் உள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள், டப்பென்று விழ வேண்டும்.

தரை வாட்டம் சரியில்லாமல் வாசல் மூலையில் தண்ணீர் நின்றது, நானி ட்ராப்பில் தண்ணீர் நிற்கும் ஆழமே இல்லாமல் நாற்றமும் கரப்பானும் மேலே வந்தது, இதெல்லாம் இருக்கின்றன, விரித்து எழுதினால் முடியாது.

இப்போது மறுவேலை நடக்கிறது. இந்த முறை பணம் கொடுக்கும் முறையையே மாற்றிவிட்டோம். போன தடவை இடித்ததும் ஒரு தவணை, டைல்ஸ் வந்ததும் ஒரு தவணை, ஒட்டி முடித்ததும் ஒரு தவணை என்று அவரே பிரித்துக் கொடுத்திருந்தார். கவனித்துப் பாருங்கள், எல்லாமே கண்ணுக்குத் தெரியும் வேலைக்கான தவணை. மறைந்துபோகும் வேலைக்கு ஒரு தவணைகூட இல்லை. பெரும்பாலான கான்ட்ராக்டர்கள் இப்படித்தான் பிரிக்கிறார்கள். அதனால் நாங்கள் எழுதியது வேறு: பைப் போட்டு, காடியை மூடும் முன் கைப் பம்பு வைத்து அழுத்தம் ஏற்றி மீட்டர் முள் இறங்காமல் நின்றால்தான் ஒரு தவணை. வாட்டர் ப்ரூஃபிங் பூசி, காய்ந்து, நாற்பத்தெட்டு மணி நேரம் தண்ணீர் நிறுத்தி, கீழே சீலிங் காய்ந்திருந்தால்தான் அடுத்தது. ஷவர் பக்கச் சுவரில் ஆறடி உயரம், மற்றச் சுவர்களில் ஒரு அடி உயரம் பூச வேண்டும் என்று அளவோடு எழுதினோம். டைல்ஸ் ஒட்டும் முன் ரசமட்டம் வைத்து வாட்டம் பார்க்க வேண்டும், எட்டு அடிக்கு ஒரு அங்குலமாவது ட்ராப் பக்கம் இறங்க வேண்டும். கடைசிப் பத்து சதவீதம் ஒரு மாதம் நாங்கள் புழங்கிப் பார்த்த பிறகு. இதைக் கேட்டதும் இரண்டு பேர் வேலையே வேண்டாம் என்று போய்விட்டார்கள். மூன்றாவது ஆள், "இப்படி எழுதுனா எனக்கும் நல்லதுக்கா, பின்னாடி சண்டை வராது" என்றார். அவரிடம்தான் கொடுத்திருக்கிறோம்.

பைப், வயர், வாட்டர் ப்ரூஃபிங் மூன்றையும் நாங்களே கடையில் பில்லோடு வாங்கிவிட்டோம், லேபர் மட்டும் அவருடையது. கேனை எங்கள் முன்னால்தான் உடைக்க வேண்டும், காலியான கேனும் பொடிப் பையும் எங்கள் வீட்டிலேயே இருக்கும். கிளாசெட்டையும் தரை வேலைக்கு முன்பே வாங்கி வைத்துவிடுங்கள். கழிவு தரை வழியாக இறங்கும் எஸ் ட்ராப் கிளாசெட் என்றால் சுவரிலிருந்து கழிவு ஓட்டையின் நடுப்புள்ளி வரை உள்ள தூரம் மாடலுக்கு மாடல் மாறும், டைல்ஸ் கனத்தையும் சேர்த்து அளக்க வேண்டும். இல்லையென்றால் பைப்பை வளைத்து ஒட்டி, ஃப்ளஷ் செய்தால் போகாத நிலைமைக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். சுவரை மூடும் முன் ஒவ்வொரு பக்கமும் அளவு டேப்பைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுங்கள். பின்னால் கண்ணாடியோ கம்பியோ மாட்ட ட்ரில் போடும்போது பைப்பில் இறங்காமல் இருக்கவும் அது உதவும்.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு: உடைக்கும் முன்னும் உடைக்கும்போதும் வீடியோ எடுங்கள், எடுத்த பைப்பையும் வயரையும் தூக்கிப் போடாதீர்கள், பிளம்பரிடமும் எலக்ட்ரீஷியனிடமும் கண்டதை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வீடு கட்டும் வேலையும் சேவைதான். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. முதலில் 1915 என்ற உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம். நாங்கள் நோட்டீஸ் அனுப்பிய பிறகுதான் அந்த மனிதர் முதல் முறையாகத் தானாகப் போன் செய்து, "அம்பதாயிரம் தர்றேன், முடிச்சுக்கலாம்" என்றார். முழுத் தொகையும் சீலிங் செலவும் வராமல் முடிப்பதாக இல்லை.

புது ஒப்பந்தத் தாளைத் தமிழிலேயே தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன், தவணை விவரம், சோதனை விவரம் எல்லாம் அதில் இருக்கிறது. வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்புகிறேன்.